நண்டுக் கால் நட்சத்திரம்

மச்சான்,

இன்று சாயங்காலம் எங்கள் வீட்டு அடுப்பில் மைதா பசை காய்ச்சினேன். கொதி வரும்போது பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் கிளறினால் லேசாகக் கசப்பேறிய ஒரு வாசனை எழும்பும் அல்லவா, அது மூக்கில் ஏறியதும் என் தோள் தானாக ஒருபக்கம் ஒதுங்கியது. நீ பின்னால் வந்து எட்டிப் பார்த்து, "கட்டி தட்டாம கிண்டு மாமே" என்று சொல்வதற்கு இடம் விட்டது போலிருக்கிறது. நீ சொல்லவில்லை. தங்கச்சி தங்கச்சி என்று நீ உரிமை கொண்டாடுவாயே, என் மனைவி சரோஜா, அவள்தான் ஹாலிலிருந்து கத்தினாள்.

"ஆபரேஷன் பண்ண கண்ண வெச்சிக்கினு அடுப்பாண்ட இன்னா வேல உங்களுக்கு? ஆவி படக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களா இல்லியா?"

கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகாது என்றேன். வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பசை கிண்டும் ஆளை நீ பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சிரித்திருப்பாய்.

கையில் கரண்டியோடு நிற்கும்போதே உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து நமக்குள் தீராமல் கிடந்த அந்தச் சண்டைக்கு இந்த மாதம் தீர்ப்பு வந்துவிட்டது. வந்த நேரத்தில் நீ இல்லை. இது எனக்கு வருத்தம் என்பதைவிடக் கோபம் என்று சொன்னால்தான் சரி. இன்னும் ஒன்பது மாதம் இருந்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

சண்டை எங்கே ஆரம்பித்தது என்று உனக்கு நினைவிருக்கும். திருமுல்லைவாயில் பஸ் ஸ்டாப். மார்கழிக் குளிர். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு முதல் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸுக்காக நாம் இருவரும் நின்றிருந்தோம். நீ பெயிண்ட் அடிக்கும் பிரிவு, நான் ஸ்டோர்ஸ். நீ மங்கி குல்லாவுக்குள் முகத்தை முக்கால்வாசி ஒளித்துக்கொண்டு, ஸ்டேஷன் பக்கம் கிழக்கே கையைக் காட்டினாய். விடிவெள்ளி ஏறியிருந்தது.

"மாமே, அந்த ஸ்டார பாரேன். கீழ எடது பக்கம் ஒரு காலு மட்டும் நீட்டிக்கினு கீது. நண்டு காலாட்டம்."

நான் பார்த்தேன். கீழே இடது பக்கத்தில் ஒன்றுமே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மேலே போன ஒரு கால்தான். அதுவும் நுனியில் இரண்டாகப் பிரிந்திருந்தது. மற்ற கால்கள் குட்டை. அதைச் சொன்னதும் நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"நுனியில பிரிஞ்சி கீதா? பாம்பு நாக்கா அது? காத்தாலயே இன்னா மாமே, டீ கூட இன்னும் குடிக்கல நீ."

"உன்னுது நண்டுன்னா என்னுது பாம்புடா. ஒழுங்கா பாரு."

பஸ் வந்தது. பஸ்ஸிலும் விடவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆட்களையெல்லாம் எழுப்பிக் கேட்டாய். ஒருவர் ஆறு கால் என்றார், இன்னொருவர் காலே இல்லை, முடி முடியாக இருக்கிறது என்றார், மூன்றாமவர் நம் இருவரையும் திட்டிவிட்டுத் திரும்பவும் தூங்கிப்போனார். கேட்டவர்கள் எல்லாரும் வேறு வேறு பதில் சொன்னபோதே நமக்கு ஏதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவரவர் கட்சிக்கு ஆள் சேரவில்லை என்றுதான் இருவரும் நினைத்துக்கொண்டோம்.

அதற்கப்புறம் எத்தனை விடியல் அதே இடத்தில் நின்று அதே சண்டையைப் போட்டோம்! ஒரு நாள் நீயே ஒன்று கண்டுபிடித்தாய். எல்லா நட்சத்திரத்துக்கும் அதே நண்டுக் கால்தான், அதே பக்கம்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது, தூரத்தில் வரும் பஸ்ஸின் ஹெட்லைட்டிலும் அது இருக்கிறது என்றாய். பார்த்தேன். எனக்கும் எல்லாவற்றிலும் பாம்பு நாக்குதான். இன்னொரு நாள், கழுத்து சுளுக்கியிருந்தது உனக்கு, தலையை ஒருபக்கம் சாய்த்தபடியே நின்றாய். திடீரென்று கத்தினாய்.

"மாமே! தலைய சாய்ச்சா காலும் சாயுதுடா! நிமிர்ந்தா அதுவும் நிமிர்ந்துக்குது. நம்மள பாத்து விளையாடிக்கினு கீது."

"தூக்கம் பத்தல உனக்கு. இன்னிக்கு பஸ்ல பேசாம தூங்கு" என்றேன்.

பார், விடை உன் கழுத்துக்கு மேலேயே இருந்திருக்கிறது. வானம் எங்கேயாவது நம் தலைக்குத் தகுந்தபடி சாயுமா? அது வானத்தில் இல்லை என்பதற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அத்தனை கிட்டே போய்விட்டு, பஸ் வந்ததும் இருவரும் ஓடிப்போய் சீட் பிடித்தோம்.

ரெஜினாவை நீ கட்டிக்கொண்டு வந்த பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு வாசலில் கட்ட ஸ்டார் செய்ய உட்கார்ந்தோம். உங்கள் தெருவில் அப்போது கடையில் வாங்கிக் கட்டுகிறவர்கள் குறைவு. மூங்கிலைப் பிளந்து சிம்பு சீவி, அவரவர் வீட்டில்தான் கட்டுவார்கள். நான் ஒரே அளவாகச் சிம்புகளை வெட்டி அடுக்கிவைத்தேன். நீ அதைக் காலால் தள்ளினாய்.

"இது இன்னா மாமே, கோலம் போடறியா? வானத்துல கீறத பாத்து கட்டுவோம். பொய்யா ஒண்ணு கட்டி இயேசு பொறந்தாருன்னு சொன்னா நல்லாவா கீது?"

நீ கட்டினாய். குட்டையும் நெட்டையுமாக ஏழு கால்கள். கீழே இடது பக்கம் ஒரு கால் மற்றவற்றைப் போல் இரண்டு பங்கு நீளம், அதுவும் நேராக இல்லாமல் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்து. ஒவ்வொரு காலுக்கும் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, விரலால் அளவு காட்டிக் காட்டிக் கட்டினாய். ரெஜினா வெள்ளைப் பட்டத்தாள் ஒட்டினாள். உள்ளே பல்பு எரிந்ததும் நாம் மூன்று பேரும் வெளியே வந்து நின்று பார்த்தோம். ரெஜினா முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். புதுப் பெண், புருஷனைப் பார்த்துச் சிரிக்கலாமா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் சிரித்து வழிகாட்டினேன்.

மாதா கோயிலிலிருந்து கேரல் பாட வந்த கூட்டம் உன் வாசலில் வந்து நின்றது. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாபா இது? ஸ்டாரா, நண்டா?"

அன்றிலிருந்து அது நண்டு ஸ்டார். உன் வீடு நண்டு ஸ்டார் ஊடு. மார்ச் மாதத்தில்கூட, வாசலில் ஸ்டார் இல்லாதபோதும், ஆட்டோக்காரர்கள் அப்படித்தான் வழி சொல்லுவார்கள். கோயில் ஃபாதர் ஒருமுறை வீடு மந்திரிக்க வந்தவர், "மூணு ராஜாக்களும் இதப் பாத்துக் கிளம்பியிருந்தா பெத்லகேமுக்குப் பதிலா பூந்தமல்லிக்குப் போயிருப்பாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் அடுத்த வருடமும் அதையேதான் கட்டினாய், அதற்கடுத்த வருடமும். சட்டம் அதேதான், தாள் மட்டும் வருடத்துக்கு வருடம் புதுசு. ஒவ்வொரு முறையும் நான் அந்த நீளக் காலைக் குறைக்கச் சொல்லுவேன். ஒவ்வொரு முறையும் நீ சொல்லும் பதில் ஒன்றுதான்.

"எனக்கு எப்பிடித் தெரியுதோ அப்பிடித்தான் கட்டுவேன். உனக்கு வேணும்னா உன் ஊட்ல பாம்பு கட்டிக்கோ."

நான் எங்கே கட்டுவது? நான் நெற்றியில் திருநீறு பூசுகிற ஆள். கார்த்திகைக்கு விளக்கு வைத்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

காலம் போனது. நான் கோவில்பதாகையில் வீடு கட்டிக்கொண்டு போனேன். உன் மகன் ஜெரால்டு பாரிவாக்கத்தில் ஃபிளாட் வாங்கினான். உங்கள் தெருவில் சீரியல் விளக்கு ஓடும் பிளாஸ்டிக் ஸ்டார்கள் வந்துவிட்டன, நிறம் மாறி மாறிக் கண்ணைக் குத்தும். ஜெரால்டு ஒன்று வாங்கி வந்தபோது அதை உள்ளே அலமாரி மேல் வைத்தாய், வாசலில் நண்டையே கட்டினாய். மேலே வானத்திலும் முன்பு போல இல்லை. தெருவிளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் நட்சத்திரங்கள் விரல் விட்டு எண்ணும்படி ஆகிவிட்டன. இருந்தாலும் நான் வரும்போதெல்லாம் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போவாய். இருப்பதில் பெரிதாக ஒன்றைப் பார்த்து, "இன்னும் பாம்புதானா மாமே?" என்பாய். "பாம்புதான்" என்பேன். அதில் உனக்கு ஒரு திருப்தி. நான் மாறிவிடவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாயோ என்று இப்போது தோன்றுகிறது.

போன பங்குனியில் நீ போய்விட்டாய். நெஞ்சு வலி என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாய், ஆவடி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. எப்போதோ நீ எழுதிக்கொடுத்திருந்தபடி, கண்ணை எடுத்துக்கொள்ள ஆட்கள் வந்தார்கள். ரெஜினா அவர்களை உள்ளே விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கண்ணு மட்டும் முன்னாடி கெளம்புது அண்ணா" என்றாள்.

இப்போது தீர்ப்புக்கு வருகிறேன். எனக்கு வலது கண்ணில் புரை முற்றி, பூந்தமல்லியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டேன். கட்டு அவிழ்த்த பிறகு சுவர் வெள்ளை வெளேரென்று தெரிந்தது, சரோஜா முகத்தில் வயசு தெரிந்தது. அதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. விடியற்காலையில் மாடிக்குப் போய், நம் பழக்கமாயிற்றே, இடது கண்ணை மூடிக்கொண்டு புதுக் கண்ணால் கிழக்கே பார்த்தேன். நட்சத்திரம் இருந்தது. கால் இல்லை. நாக்கும் இல்லை. சின்னதாக, சுத்தமாக, ஊசியால் குத்தின மாதிரி ஒரு புள்ளி. ஆபரேஷனில் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுபரிசோதனைக்குப் போய் உட்கார்ந்திருந்தபோது ரெஜினா போன் செய்தாள். ஜெரால்டு வந்திருக்கிறானாம், லாஃப்ட்டிலிருந்து ஸ்டாரை இறக்கிவிட்டானாம்.

"அப்பாவுக்குப் புடிச்சது, கட்டியே ஆவணும்னு நிக்கிறான் அண்ணா. துக்க ஊட்ல ஸ்டார் எதுக்கு? சொந்தக்காரங்க இன்னா சொல்லுவாங்க? எனக்கும் மனசு இல்ல. நீங்க வந்து அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் ஸ்டார் கட்டுவதில்லை என்பது எனக்கும் தெரியும். ரெஜினா சொல்வதுதான் நியாயம், போய் அவனிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தபடியே டாக்டர் அறைக்குள் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. கண்ணைப் பரிசோதித்துவிட்டு, பிரமாதமாக இருக்கிறது, ஏதாவது குறை இருக்கிறதா என்று கேட்டார்.

"நட்சத்திரத்தோட கால காணோம்மா" என்றேன்.

அவர் விழித்தார். நான் விவரமாகச் சொன்னேன். பாம்பு நாக்கு, நண்டுக் கால், பஸ் ஸ்டாப் எல்லாம். வெளியே கூட்டம் காத்திருந்தது, இருந்தும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

"சார், நட்சத்திரம் நம்ம சூரியன் மாதிரி உருண்டை. ரொம்ப ரொம்பத் தூரத்துல இருக்கறதால நமக்கு வெறும் புள்ளியாத்தான் தெரியணும். இப்ப உங்களுக்குத் தெரியறதுதான் சரி. அந்தக் கால் எல்லாம் வானத்துல இல்ல. உங்க கண்ணுக்குள்ள இருந்துச்சு."

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மெல்லிய இழைகளால் ஆனதாம். இழைகள் வந்து சேரும் இடங்களில் தையல் போலக் கோடுகள் விழுமாம். புள்ளி வெளிச்சம் அந்தத் தையலைத் தாண்டி வரும்போது கால் முளைத்துவிடுகிறது. தையல் ஆளுக்கு ஆள் வேறு, கைரேகை மாதிரி. புரை விழுந்த என் பழைய லென்ஸை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைத்துவிட்டார்கள், அதில் தையல் கிடையாது.

"அப்ப அவன் சொன்னது?"

"அவருக்கு அது உண்மை. உங்களுக்கு உங்களோடது உண்மை. ரெண்டு பேரும் பொய் சொல்லல சார்."

இத்தனை வருடச் சண்டையில் இருவருமே ஜெயித்துவிட்டோம் என்று கேட்டதும் எனக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது. என் குணம் உனக்குத் தெரியும். கூடவே அவர் சிரிக்காமல் இன்னொன்றும் சொன்னார். நாம் சண்டை போட்ட விடிவெள்ளி நட்சத்திரமே இல்லையாம், கிரகமாம். அதை நான் உனக்குச் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்.

எழுந்து கதவு வரை போனவன் திரும்பி வந்து ஒரு கேள்வி கேட்டேன். அவன் கண்ணைத் தானமாகக் கொடுத்தான், அதை வைத்துக்கொண்டவருக்கு இப்போது நண்டுக் கால் தெரியுமா? டாக்டரம்மா யோசித்து, மெதுவாகச் சொன்னார். முன்பக்கம் கண்ணாடி போல் இருக்கும் பகுதியைத்தான் இன்னொருவருக்கு வைக்கிறார்கள். கால் தெரிவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் லென்ஸால். அதை வைப்பதில்லை.

"அவர் பார்த்த மாதிரி இனிமே யாருக்கும் தெரியாது சார்."

அந்த அறையில் எனக்கு அழுகை வந்தது. ஆபரேஷன் கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று அவரே பஞ்சு எடுத்து ஒற்றினார். வெளியே வந்து படியில் நின்றபோதுதான் அடி விழுந்த மாதிரி அது புரிந்தது. யாருக்கும் தெரியாது என்று ஏன் சொல்ல வேண்டும்? நீதான் கட்டி வைத்திருக்கிறாயே! ஒவ்வொரு காலாக வெளியே போய்ப் பார்த்து, விரலால் அளந்து, எனக்கு எப்படித் தெரிகிறதோ அப்படித்தான் என்று அடம் பிடித்துக் கட்டினாயே! ஊரே நண்டு என்று சிரித்தது உன் கண்ணுக்குள் இருந்த தையலை. உன் கண்ணை எடுத்துப் போனவர்களிடம்கூட இல்லாதது உங்கள் லாஃப்ட்டில் இருந்தது. அதைத்தான் இப்போது ஜெரால்டு கீழே இறக்கியிருக்கிறான்.

ஷேர் ஆட்டோவில் டிரைவரை அவசரப்படுத்தி அவரிடம் திட்டு வாங்கினேன். உன் தெருவில் இறங்கி வேகமாக நடந்தேன். வாசலிலேயே ஜெரால்டு சட்டத்தை நிறுத்திவைத்திருந்தான். முகமெல்லாம் சந்தோஷம்.

"வாங்க மாமா. பாருங்க, எல்லா காலும் ஒரே அளவு பண்ணிட்டேன். ஆடிக்கினு இருந்தத எல்லாம் இறுக்கி கட்டியாச்சு. பாவம் அப்பா, கடைசி வரைக்கும் கோணலாவே கட்டிக்கினு இருந்தாரு. இந்த வருஷம் அவருக்கு அழகா ஒண்ணு கட்டிடலாம்."

நண்டுக் காலை வெட்டிவிட்டிருந்தான். மற்ற கால்களையும் அவிழ்த்து, சரியான கோணத்தில், ஒழுங்காக, எல்லார் வீட்டிலும் தொங்குவது போல ஒரு ஸ்டார் கட்டியிருந்தான். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து ரெஜினா தண்ணீர் கொண்டுவந்தாள்.

அவனை நான் திட்டவில்லை. எப்படித் திட்ட முடியும், அப்பாவுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்த பிள்ளையை? டாக்டரம்மா சொன்னதை எனக்குத் தெரிந்த மட்டும் இருவருக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல ஜெரால்டின் முகம் மாறியது. கையிலிருந்த சட்டத்தைச் சத்தம் வராமல் கீழே வைத்தான். "அப்ப நான் அப்பா பாத்தத வெட்டிட்டனா மாமா?" என்று கேட்டான். வயசு முப்பதைத் தாண்டியவன், குழந்தை மாதிரி நின்றான்.

ரெஜினாதான் முதலில் எழுந்தாள். பின்பக்கம் போனவள் கையில் ஒரு சிம்போடு வந்தாள். வெட்டிப் போட்ட துண்டை வீணாக்குவானேன் என்று மிளகாய்ச் செடிக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள்! மண்ணைத் துடைத்து என்னிடம் நீட்டினாள். ஒட்டுச் சிம்பு வைத்து, சணல் சுற்றி, நீளத்தைத் திரும்பக் கொண்டுவந்தோம். மற்ற கால்களின் நீளமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வருடா வருடம் தாள் ஒட்டின கை அது. "இதுக்கு அர தாள் போதும். இதுக்கு மடிச்சி விடணும். நண்டு காலுக்கு மட்டும் ஒரு தாள் பத்தாது, ஒட்டு போடுவேன்" என்று சொல்லிக்கொண்டே போனாள், ஜெரால்டு கட்டிக்கொண்டே வந்தான்.

கோணம்தான் இடித்தது. நீளக் கால் எவ்வளவு சாய்ந்திருந்தது? ரெஜினா ஒன்று காட்டினாள், நான் ஒன்று காட்டினேன். நீ போன பிறகும் உன் ஸ்டாரை வைத்துச் சண்டை. அப்போது ஜெரால்டு சட்டத்தைத் தூக்கிக்கொண்டுபோய் சன்ஷேடில் இருந்த பழைய கொக்கியில் மாட்டிப் பார்த்தான். "மாமா, சுவத்த பாருங்க" என்றான்.

ஒவ்வொரு மார்கழிக் காற்றிலும் ஆடி ஆடி, நண்டுக் காலின் நுனி உரசி, சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு வளைவான கோடு விழுந்திருந்தது. வாசலுக்கு வெள்ளையடிக்கச் சொல்லி ரெஜினா உன்னோடு எத்தனை சண்டை போட்டிருப்பாள்! கம்பெனியில் நாளெல்லாம் பெயிண்ட் அடித்துவிட்டு வந்த மனுஷன் வீட்டுச் சுவருக்கு அடிக்கவே இல்லை. உன் சோம்பேறித்தனத்துக்கு முதல்முறையாக எல்லாரும் நன்றி சொன்னோம். நுனி அந்தக் கோட்டைத் தொடும்வரை காலைச் சாய்த்து இறுக்கிக் கட்டினான் ஜெரால்டு. நண்டு வந்துவிட்டது.

கட்டி முடித்த பிறகுதான் எனக்கு நான் எதற்கு வரச்சொல்லப்பட்டேன் என்பது நினைவுக்கு வந்தது. ரெஜினாவிடம் கேட்டேன். துக்க வீடாயிற்றே, இப்போது என்ன செய்யலாம்?

அவள் சட்டத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"ஸ்டார் கட்டக் கூடாதுன்னுதான அண்ணா சொல்லுவாங்க? இது அவரு கண்ணு. இத உள்ள வெச்சி பூட்டச் சொல்லி எவன் வந்து சொல்றான்னு பாக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் பல்பு போட்டோம். வெள்ளைத் தாளுக்குள் வெளிச்சம் நிறைந்ததும் ரெஜினா கேட்டுக்கு வெளியே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். "இத்தன வருஷமா இப்பிடியா பாத்துக்கினு இருந்தாரு" என்றாள். இத்தனை காலம் கூட வாழ்ந்தவள், நீ பார்த்ததை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தாள். எதிர்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

உன் பழைய கண்டுபிடிப்பு நினைவுக்கு வந்து, நான் தலையை ஒருபக்கம் சாய்த்தேன். ரெஜினாவும் ஏனென்று கேட்காமல் சாய்த்தாள். நீ சாய்த்தால் கூடவே சாய்ந்து உன்னோடு விளையாடிய கால், எங்களுக்குச் சாயவில்லை. பஸ் ஸ்டாப்பில் நீ நிமிர்ந்து நின்று பார்த்தாயே, அப்படியே நின்றது. நாங்கள் இரண்டு கிழங்களும் கழுத்து வலிக்கும்வரை சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ இல்லாதது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறதுடா மச்சான்.

பசை ஆறிவிட்டது. எதற்குக் காய்ச்சினேன் என்று சொல்லவில்லையே. என் இடது கண்ணில் இன்னும் பழைய லென்ஸ்தான் இருக்கிறது. புரை அதிலும் தொட்டிருக்கிறது, பொங்கல் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதற்கப்புறம் எனக்கு இரண்டு கண்ணிலும் வெறும் புள்ளிதான். அதனால் இந்த வாரம் முழுக்க மாலையில் மாடிக்குப் போய், வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் பார்த்துப் பார்த்து விரலால் அளவு எடுத்துவந்தேன். மூங்கில் சிம்பு வாங்கிச் சட்டம் கட்டிவிட்டேன். ஐந்து கால். மேலே போகும் கால் நுனியில் இரண்டாகப் பிரிகிறது. சரோஜா பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, கவட்டையா?" என்று கேட்டாள். பாம்பு நாக்கு என்று உனக்குத் தெரியும்.

இன்றைக்குத் தாள் ஒட்டிக் காயவைத்துவிடுவேன். சனிக்கிழமை கேரல் வருகிறது. துக்க வீடு என்பதால் இந்த முறை மேளம் இல்லாமல் ஒரே ஒரு பாட்டு, மெதுவாகப் பாடிவிட்டுப் போவார்களாம். அவர்கள் வருவதற்குள் இதை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்து எடுத்துக்கொண்டுபோய், உன் சன்ஷேடில், உன்னுடையதற்குப் பக்கத்திலேயே கட்டப் போகிறேன். ரெஜினா கொக்கி அடிக்கச் சொல்லிவிட்டாள். திருநீறும் ஸ்டாருமாக நான் நிற்பதைப் பார்த்து ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

நண்டும் பாம்பும் ஒரே வாசலில் தொங்கும். எது சரி என்று யாராவது கேட்டால் இரண்டும் என்று சொல்லிவிடுவேன். உனக்கு மட்டும் அந்தப் பதில் பிடிக்காது, தெரியும். பிடிக்கவில்லையென்றால் வந்து சண்டை போடுடா.